ரோஜாவுக்கு நல்ல தண்ணீர்

ரோஜாச் செடி வாங்குகிறவர்கள் பூவைப் பார்த்து வாங்கக் கூடாது, மகளே. அடித்தண்டைப் பார்க்க வேண்டும். ஒட்டுக் கட்டிய இடம் நன்றாகத் தடித்து, அதற்கு மேலே கிளைகள் கிளம்பியிருந்தால் எடுக்கலாம். பூ இன்றைக்கு இருக்கும், நாளைக்குக் கொட்டும். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருங்கள். நான் நின்றபடியே சொல்கிறேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது.

தூத்துக்குடியில் ரோஜா வைக்கிறவர்கள் குறைவு. மண்ணில் உப்பு, காற்றில் உப்பு, ஆழ்துளைப் போர் போட்டால் அந்தத் தண்ணீரிலும் உப்பு. சாத்தான்குளம் பக்கமிருந்து செம்மண் வரவழைத்துத் தொட்டிகளில் நிரப்பினேன். முதலில் பன்னீர் ரோஜா, அப்புறம் எட்வர்ட் ரோஜா. இரண்டும் பிழைத்தன. அதோடு நின்றிருக்கலாம்தான். ஆனால் எனக்கு ஒரு பரபரப்பு உண்டு. ஒரு செடி வேர் பிடித்துவிட்டது என்று தெரிந்ததுமே மனது அடுத்த ரகத்துக்குப் போய்விடும். பொழுது போகட்டும் என்று என் மகள் ஷீஜா, ரோஜா வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். அங்கேதான் டபுள் டிலைட் என்கிற ரகத்தைப் பார்த்தேன். நடுவில் பாலாடை நிறம். இதழ் ஓரங்களில் சிவப்பு ஊறி இறங்கியிருந்தது. நல்ல வாசம் என்று வேறு எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூரியரில் வரவழைத்தேன். செடி காய்ந்து சுள்ளியாக வந்தது. மறுபடியும் வரவழைத்தேன். அது பூத்தபோது வெறும் சிவப்பு. பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போய்க் கேட்டேன், திருநெல்வேலியில் கேட்டேன். கடைசியில் பாளையங்கோட்டை ரோட்டில், வேன் நிறைய ஓசூர்ச் செடிகளை வைத்து விற்கும் மாரிச்செல்வத்திடம் கிடைத்தது.

"யம்மா, இது அசல். ஆனா போர் தண்ணிய மட்டும் காட்டிராதிய. எலை ஓரம் கருகிச் செத்துரும்" என்றான்.

"நல்ல தண்ணிதாம்ப்பா ஊத்துவேன்."

"இப்படித்தான் எல்லாரும் சொல்லுதாவ. செத்த பொறவு எங்கிட்ட வந்து ஏசுதாவ."

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் தேவதாசன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாகி, கால் வீங்க ஆரம்பித்திருந்தது. உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கருவாட்டையும் ஊறுகாயையும் வீட்டைவிட்டே அனுப்பினேன். அவருக்கென்று தனியாகச் சமைத்தேன். அதில் ஒரு கல் உப்பு விழவிடவில்லை. அவர் தட்டைத் தள்ளிவைப்பார். "ஏளா, இது சோறா, பஞ்சா? மெத்தைக்கு அடைக்க வச்சிருந்ததா?" என்பார். கேலியாகப் பேசுகிற மனிதர்.

இந்தக் கோடையில் தாமிரபரணித் தண்ணீர் எப்போதாவதுதான் குழாயில் எட்டிப் பார்த்தது. கேன் போடுகிறவரும் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று குறைத்துவிட்டார். போரில் மட்டும் தண்ணீருக்குக் குறைவில்லை. வீட்டில் நல்ல தண்ணீர் அவசியம் வேண்டும் என்றிருந்தவை இரண்டு. ஒன்று அவர், மற்றது செடிகள். நான் கேனைச் சாய்த்து வாளியில் பிடிப்பதைப் பார்த்து அவர் சிரித்தார்.

"எனக்கு டம்ளர்ல, அவளுக்கு வாளியிலயா? நானும் ஒரு தொட்டியில வந்து நின்னுக்கிடவா, ஏளா?"

நானும் சிரித்தேன்.

முதலில் அவருடைய கஞ்சியை மட்டும் போர் தண்ணீரில் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்குத்தாம்ளா கஞ்சி கஞ்சியா இருக்கு" என்றார். கிண்ணத்தை வழித்துக் குடித்தார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியைப் பார்த்து நாளாகியிருந்தது. அவருடைய சந்தோஷத்துக்காகத்தான் மறுநாளும் அப்படியே வைத்தேன்.

அப்புறம் குடிக்கிற தண்ணீர். காலிக் கேனில் போர் தண்ணீரை நிரப்பி அதே இடத்தில் வைத்தேன். அந்தத் தண்ணீரில் பால் திரிந்துவிடும். ஆகவே காப்பியைக் கருப்பட்டிக் காப்பியாக மாற்றினேன். கருப்பட்டி எந்தக் கரிப்பையும் மறைக்கும். நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவருக்கு வீக்கம் முழங்கால் வரை ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "உப்பு போடுதீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு கல்லு போடல டாக்டர்."

"அப்போ சார் ஒளிச்சுவச்சு மிக்சர் கிக்சர் திங்காரு."

"இவ காவலைத் தாண்டி எறும்புகூட எங்கிட்ட வராது டாக்டர்" என்று இவர் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. வயதானவர் என்றும் பாராமல் திட்டினார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்த் தொட்டிகளை நிழலுக்கு நகர்த்த வேண்டுமே என்று இருந்தது.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள், மகளே. அது உண்மையாக இருக்காது. மாரிச்செல்வம் சொன்னது சரியா என்று பார்க்க, எட்வர்ட் ஒன்றுக்குப் போர் தண்ணீர் ஊற்றினேன். சில நாளில் இலை ஓரம் பழுப்பேறியது. பிறகு தளிர் கருகியது. பாவமாக இருந்தது. உடனே நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி அதைத் தேற்றினேன். அதே மதியம் அவருக்குக் கஞ்சி வைக்கப் போர்க் குழாயைத்தான் திறந்தேன்.

அவருடைய அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போடலாம் என்று ஷீஜா அடுப்பு மூட்டினாள். பால் திரிந்தது. புதுப் பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். அதுவும் திரிந்தது. கேன் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"என்னம்மா தண்ணி இது? கடல்ல மோந்ததா? அப்பா இதையா குடிச்சாவ?"

நான் சொன்னேன். கோடையைச் சொன்னேன், கேன்காரரைச் சொன்னேன், செடியைச் சொன்னேன். "ஒரு தடவகூட அப்பா நல்ல தண்ணி கேக்கலியாம்மா?" என்றாள். "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றேன். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள். பிள்ளை கோபத்தில் இருக்கிறாள். நீங்கள் அவளிடம் கடுமையாக எதுவும் பேச வேண்டாம்.

அவளிடம் சொன்னது மட்டும் சரியில்லை. அவர் கேட்டார்.

இறந்த அன்று காலையில், மூச்சு வாங்கிக்கொண்டே கூப்பிட்டார். "ஏளா, வாயெல்லாம் கரிக்கி. நல்ல தண்ணியில ஒரு மடக்கு தா" என்றார். எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. என் கையில் வாளி இருந்தது. டபுள் டிலைட்டில் முதல் மொட்டு பிரிகிற நேரம். அந்த நேரத்தில் ஈரம் குறைந்தால் மொட்டு அப்படியே கருகிவிடும். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். மொத்தத்தையும் அதற்கே ஊற்றிவிடவில்லை, மகளே. ஒரு டம்ளர் அளவுக்கு மிச்சம் பிடித்துவைத்தேன். அதை, முந்தின நாள் வாங்கிவந்த ஊதா ரோஜாவுக்கு ஊற்றினேன். புதுச்செடி, வேர் பிடிக்க வேண்டும் அல்லவா.