துண்டு போட்ட சீட்டு

— கொஞ்சம் கிட்ட வாங்க, ஒரு கதை சொல்லுதேன்.

— பஸ்ஸுல நிக்கவே எடமில்ல, கதை கேக்க எங்கன வர? புஸ்தகத்தைப் பாரு கோமு. பாளையங்கோட்டையில எறங்குனா பரீட்சை.

— நின்னுக்கிட்டு எப்படிங்க படிக்க? இந்த ‘விட்டுப்போன அனுமானம்’ கேள்விதான் போன தடவையும் என்னைக் கவுத்துச்சு. இந்த வருசம் விட்டா பேங்க் பரீட்சைக்கு வயசும் தாண்டிரும். அந்தக் காலி சீட்டுல உக்காந்துக்கிடுதேனே.

— அது துண்டு போட்ட சீட்டு. போட்டவன் வருவான்.

— அண்ணாச்சி, கண்டக்டர் நானே சொல்லுதேன். முக்கூடலே தாண்டியாச்சு, இனிமே எவன் வருவான்? அந்தம்மாவை உக்காரச் சொல்லும்.

— நீரு சும்மா இரும்வே. நானும்தான் ஆழ்வார்குறிச்சியில விடியாத இருட்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டேன். ஏறிப் பாத்தா காணல, எவனோ களவாணி எடுத்துட்டான். அந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஹெப்சிபா டீச்சரையே உக்காரவிடல நான்.

— என்னமும் செய்யும். டிக்கெட், டிக்கெட்.

— ஏங்க, கண்டக்டர் போயிட்டாரு. இந்தக் கேள்வியைக் கேளுங்க. ‘சீட்டுல துண்டு கெடக்கு. அதனால துண்டுக்காரன் வந்து உக்காருவான்.’ இதுல சொல்லாம விட்டது என்ன?

— புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?

— பதிலைச் சொல்லுங்க.

— அவன் இனிமேத்தான் பஸ்ஸுல ஏறணும்.

— அதேதான். அதை யாரும் சொல்லல, நீங்களா வச்சுக்கிட்டீங்க. இப்பத்தான் எனக்கு இந்தக் கேள்வியே பிடிபடுது.

— கிறுக்கு மாதிரி பேசாத. ஏறுனவன் துண்டைப் பாத்ததும் உக்காரமாட்டானா?

— தன் துண்டுன்னு தெரிஞ்சா உக்காருவான். நீங்க போட்டது என்ன துண்டு?

— என் செவப்புக்கரை. இது பச்சைக்கரைலா.

— செவப்புக்கரையை நேத்தே சோப்புல ஊறப் போட்டாச்சு. காலையில கரண்டு இல்லாம கொடியில தடவி எடுத்தீங்களே, அது எங்கப்பா விட்டுட்டுப் போன பச்சைக்கரை.

— பைய பேசு தாயி. டீச்சர் நம்ம பின்னாலதான் நிக்காவ.

— எல்லாம் கேட்டாச்சு தம்பி. நீ உக்காந்து படி மக்களே. வேலை கெடைச்சு, ஒங்க வீட்டுல ஒரு கொறையும் இல்லாம எல்லாரும் நல்லா இருக்கணும். தம்பி மட்டும் பாளையங்கோட்டை வரைக்கும் நிக்கட்டும்.