குறை இல்லாதவள் மீது ஒரு புகார்

2016 ஆகஸ்ட் 17, மாலை நான்கு இருபது. வடக்குத்து கிராமத்திலிருந்து டவுன்ஷிப் திரும்பும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரு பெண்கள் பேசிக்கொண்டிருந்தனர்.

“நல்லா பாத்துக்கிறாங்கறதுக்குப் புகார் குடுக்க முடியாதாம்,” என்றாள் சன்னலோரம் இருந்தவள். “அதான் அவ லேட்டா வரான்னு எழுதிக் குடுத்துட்டன்.”

“படுக்கையில கெடக்குற ஒங்கம்மாவப் பாத்துக்கப் பஞ்சாயத்துல அனுப்புன பொண்ணு மேலயா? தங்கமான பொண்ணாச்சேக்கா.”

“தங்கந்தான். அம்மா என்னையப் பேரச் சொல்லிக் கூப்புடுது, அவளக் ‘கண்ணு’ங்குது. அவ ஊட்டுனா சிரிச்சிகினே சாப்புடுது. நான் ஊட்டுனா வாய இறுக்கிக்குது.”

“அவ கான்ட்ராக்டுக்கா. வேல போயிடும்.”

“போவட்டும். வேற வூட்டுல போயி ‘கண்ணு’வா இருக்கட்டும்.”

“நாளையிலேர்ந்து ஒங்கம்மா யாரு கையால சாப்புடும்?”

“பசிச்சா வாயத் தொறக்கும்,” என்றாள் சன்னலோரம் இருந்தவள்.

மறுநாள் காலை, என் தந்தையைக் கவனிக்க வரும் அம்மாள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தபோது, இன்று நான் ஊட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அப்பா அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.