குச்சிக்கிழங்குக் களிக்குள் மிளகு

— நமக்கெதுக்கு வம்பு மாதம்மா, ஆனா உன்ற நாத்தனா மக ஹேமலதா ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறா?

— ஏனுங்க பாவாயக்கா, என்னாச்சு?

— காலேஜ்ல இருந்து கொண்டாந்தாளே ரோபோ கை, அது வாத்தியாரு முன்னால தப்பாச் சொல்லிப்போடுச்சு.

— காலைல நல்லாத்தான இருந்துச்சுங்க?

— இருந்துச்சு! கோழிக்குஞ்சைத் தடவற மாதிரி என்ன பதம்! என்ற ஊட்டுக்காரருக்கு அந்தக் கைய மாட்டி உடலாம். நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்த ஒடம்புக்குள்ள அனுப்பி, எதிரொலிய வெச்சுக் கட்டி எங்கன்னு காட்டுமாம். மாருல வர்ற புத்துநோயச் சின்னதுலயே புடிக்கறதுக்கு. டாக்டரு இல்லாத மலைக்குத்தான் இதுன்னு நம்ம செம்மேட்டுலயே சோதிக்க வந்தா பாவம்.

— அதுக்குத்தான குச்சிக்கெழங்கு மாவுல களி கிண்டிக் குடுத்தனுங்க.

— ஆமா. களிதான் மாரு, மொளகுதான் கட்டி. ஹேமாவ வெளிய அனுப்பிப்போட்டு, பதினோரு மொளகு என்ற கையால பொதச்சேன். மிசினு பன்னெண்டுங்குது!

— பன்னெண்டா! நெசமாவாக்கா?

— ஏன்டி பல்லக் காட்டற? இல்லாததக் காட்டற மிசினு ஆவாது, ஆராய்ச்சிய நிறுத்திக்கலாம்னுட்டாரு வாத்தியாரு. ரெண்டாயிரமாவது வருசம் பொறந்ததுல இருந்து அந்தப் புள்ள பட்ட பாடு! பதினொண்ணுன்னு நான் வேற பைல் நாட்டு மலையூரு பூராக் கேக்கக் கத்திப்போட்டேன்.

— வாத்தியாரு பஸ் ஏறிட்டாருங்களா?

— டீக்கடைல இருக்காரு. நமக்கெதுக்கு வம்பு, நாலாவது போண்டா.

— ஓடுங்கக்கா! பன்னெண்டுதான் சரின்னு சொல்லுங்க. நீங்க கை கழுவப் போனப்ப நானும் ஒண்ணு வெச்சனுங்க. மொளகுகூட இல்ல, கடுகு. ஓரமா, ஆழத்துல.

— அடி கள்ளி! கடுகயா புடிச்சுது? ஹேமா செயிச்சுப்போட்டாடி! ஏனுங்க வாத்தியாரே, பஸ் ஏறாதீங்க! இரு... எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு காரியமா? எதுக்குடி வெச்ச?

— உங்ககிட்டச் சொன்னா வாரச் சந்தைக்கே தெரிஞ்சிருமுங்க. அந்தக் கைக்கு வாயில்லையே. இனி நானும் பயமில்லாம ஹேமாவோட சேலம் ஆஸ்பத்திரிக்குப் போவனுங்க.

— நீ எதுக்குடி ஆஸ்பத்திரிக்கு?

— எனக்குக் கட்டி இருக்கற எடம் பாத்துத்தானுங்கக்கா அந்தக் கடுக வெச்சேன்.