புகை போட்ட சனிக்கிழமை

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், கால் ஆடும். ஜன்னலோரம் இருப்பதில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். சில நாட்களாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் எழுந்து எதையாவது சரிசெய்யத் தோன்றுகிறது. வயதாகிறது, வேறொன்றுமில்லை.

ஒச்சம்மாவை ஸ்டேஷனில் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவளை அனுப்பிவிடுங்கள். பெருக்கி முடித்து அறைகளைப் பூட்டுவது அவள் வேலைதான். ஆனால் அன்றைக்குப் புகை அறையைப் பூட்டியது அவளில்லை. சனிக்கிழமை அரை நாள் என்பதால் அவள் சீக்கிரமே அக்கரைக்குப் போகும் பாம்பூஃப்ளாட் படகைப் பிடிக்க ஓடிவிட்டாள். அவள் வராமல் இந்த மேஜைகள் கிடக்கிற கிடையைப் பாருங்கள்.

திங்கட்கிழமை நீங்கள் வந்தபோது இருந்த களேபரத்தில் எதையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். இது சுரங்கப் படிப்புக்கென்றே ஏற்பட்ட நூலகம். மெயின்லேண்டில் இருக்கும் சுரங்கவியல் பல்கலைக்கழகம் இங்கே ஒரு கிளை திறந்தது. இந்தத் தீவில் தோண்டி எடுக்க ஏதோ இருக்கிறது என்று அப்போது யாரோ நம்பியிருக்கிறார்கள். மூடிய சுரங்கங்களின் வரைபடங்கள், பாறைகளைப் பற்றிய தடித்தடியான தொகுதிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சுரங்க விளக்குகள் என்று எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. இறக்கும்போது நல்ல மழை, பாதிப் பெட்டிகள் நனைந்துவிட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஷாதிபூர் வீட்டிலிருந்து அப்பாவின் பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து, தாளுக்குத் தாள் துணி வைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன். வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் ஒரு தாள்கூட வீணாகவில்லை.

சில வருடங்களில் கிளையை மூடிவிட்டார்கள். நூலகத்தை மூட மறந்துவிட்டார்கள். நானும் நினைவூட்டவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, ஈரமும் வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் புத்தகத்தைக் காப்பாற்றுவது கைக்குழந்தை வளர்க்கிற மாதிரி. ஒரு வாரம் அசந்தால் அட்டையில் பூஞ்சை பூத்துவிடும். அதற்காகத்தான் புகை அறை கட்டினோம். அடுக்கி வைத்து, மருந்துப் புகை போட்டு, கதவைப் பூட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். புகை ஏற ஏற உள்ளே மூச்சு விட முடியாது. நடுவில் திறந்தால் பூஞ்சை முன்னைவிட வேகமாக வரும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நந்தகுமார் சார் கோலார் தங்கவயலில் சுரங்க சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் மகள் நளினி வீட்டுக்கு வந்து தங்கினார். தினமும் இங்கே வருவார். போனை என் மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விடுவார். பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்ப மாட்டார். வரைபடத்தை உள்ளங்கை படாமல் விரிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை. அவர் வராத நாளில் எனக்கு வாசலுக்கும் மேஜைக்கும் நடப்பதே வேலையாக இருக்கும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார். "ஏம்மா ஆக்சிலியா, இவ்ளோ புஸ்தகத்த யாருக்காக வெச்சிருக்கீங்க? இத படிக்கிற பசங்க மெயின்லேண்ட்ல இருக்காங்க. அங்க போனா நாலு பேரு பொரட்டுவான்ல?"

புரட்டுவான். அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. பரோட்டா தின்ற கையோடு புரட்டுவான், ஜெராக்ஸ் எடுக்க நடுவில் அமுக்கிப் பிளப்பான். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் மழுப்பவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விடாமல் எழுதி, பேசி, உத்தரவே வாங்கிவிட்டார். மொத்தமும் கப்பல் ஏற வேண்டும், பூஞ்சை இல்லாமல் அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியை என்னிடம் சொல்ல ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, நல்ல காரியம் சார் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை போட்டதுதான் கடைசிப் புகை. எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, மருந்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் பெட்டி செய்வதற்கு வரைபடங்களின் நீளம் அளக்க உள்ளே, அடுக்குகளுக்குப் பின்னால் போயிருந்தார். அது எனக்குத் தெரியாது என்று திங்கட்கிழமை சொன்னேன். தட்டிய சத்தம் கேட்கவில்லை என்றும் சொன்னேன். கேட்டது. கதவு கனமானது, ஓரமெல்லாம் ரப்பர் வைத்தது, குரல் வெளியே வராது. தட்டினால் மட்டும் கேட்கும்.

உடனே திறந்திருக்கலாம் என்பீர்கள். திறந்தால் புகை வீண். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நிலைகொள்ளவில்லை. விளக்குகளின் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பிறகு வெளியே வந்து, சாத்தம் ஜெட்டிக்கு ஆட்டோ பிடித்து, பாம்பூஃப்ளாட் படகில் ஏறினேன். அக்கரையில் இறங்காமல் அதே படகில் திரும்பினேன். மறுபடியும் போனேன். டிக்கெட் கொடுக்கும் பையன் ஹிந்தியில், ஏதாவது தொலைந்துவிட்டதா ஆன்ட்டி என்று கேட்டான். இல்லை, காற்று வாங்குகிறேன் என்றேன்.

படகில் இருக்கும்போதுதான் நளினி கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அப்பா லைப்ரரில இருக்காரா? ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாரு. சாப்பாடு போட்டு வெச்சு ஆறிப்போச்சு."

"அரை நாள்தானே நளினி, எப்பவோ கிளம்பிட்டாரே. மார்க்கெட் பக்கம் போறேன்னு சொன்னாரு."

"அச்சா, சரி ஆன்ட்டி. வந்தா நாலு டோஸ் விடறேன்."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இன்னும் மறைத்துப் பயனில்லை. கதவைச் சாத்துவதற்கு முன்பே அவருடைய செருப்பு வெளியே கிடந்தது. புத்தகம் இருக்கும் அறைக்குள் செருப்போடு போக மாட்டார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நனையக் கூடாதென்று அதை எடுத்துக் கதவுக்கு உள்பக்கம் வைத்தேன். அப்புறம்தான் தாழ் போட்டேன். கேஸ் முடியும்வரை ஒரு காகிதமும் தீவை விட்டுப் போகக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்கு நன்றி. நான் வாசகர்களை நினைத்துத்தான் இதைச் செய்தேன். கடந்த நாலு வருடத்தில் இந்த நூலகத்துக்கு வந்த வாசகர் அவர் ஒருவர்தான் என்பதும் உண்மை.

படகிலிருந்து இங்கேதான் திரும்பி வந்தேன். தட்டிக்கொண்டுதான் இருந்தார். அவர் மோதியதில் கதவோரத்து ரப்பர் ஒரு பக்கம் பெயர ஆரம்பித்திருந்தது, விட்டால் புகை கசிந்துவிடும்.

அதோ அந்த அலமாரி முழுக்கச் சுரங்க விபத்து அறிக்கைகள். ஆள் வராத மாலைகளில் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கல்லால் குழாயைத் தட்டுவார்கள். தட்டிவிட்டு, நிறுத்தி, காது கொடுப்பார்கள். வெளியே இருப்பவர்கள் அதே மாதிரித் திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறோம் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு உள்ளே இருப்பவர் முட்டி மோத மாட்டார். இருக்கும் காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்துவிடுவார். தங்கவயல்காரருக்கு இது சொல்லியா தெரிய வேண்டும். நந்தகுமார் சார் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவார், நிறுத்துவார். மறுபடி தட்டுவார், நிறுத்துவார்.

நான் சாவிக்கொத்தை எடுத்து, அதே மாதிரித் திருப்பித் தட்டினேன்.

அத்தோடு சத்தம் நின்றுவிட்டது. நீங்களே பார்த்தீர்களே, கையை மடித்துத் தலைக்கு வைத்து எவ்வளவு நிம்மதியாகப் படுத்திருந்தார் என்று. எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம், அவரை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வருகிறேன் என்றுதான் தட்டினேன். சொன்னபடி திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்தேன்.