லயத்தோரத்து வெள்ளைச் சிலுவை

"இங்க யாருங்க செத்தாங்க, சிலுவை போடுறீங்க?" என்று கேட்டீர்கள், நேசராணி. தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், உங்கள் லயத்தின் ஓரம் தரையில் நான் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன்.

"யாரும் சாகலைங்க. பிளேன்ல இருந்து பார்க்க அடையாளம்."

"அப்ப நல்லாப் பெருசாப் போடுங்க. மேல இருந்தாச்சும் எங்கள யாராவது பார்க்கட்டும்."

ஒன்றரை வருடமாகியும் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அப்புத்தளை ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. சித்தி வீட்டுக்குப் போகுமுன் நீங்கள் எல்லாம் தெரிந்துகொள்வது நல்லது. நமக்குள் ஒளிவுமறைவு கூடாது.

அந்த விமானக் கருவி சாதாரணக் கமரா இல்லை. மலையை ஒவ்வொரு கோடாக வருடிக்கொண்டே போகும். காற்றில் விமானம் ஆடினால் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். நேரான தகரக் கூரை பாம்பாக நெளியும். ஒரே இடத்தை வெவ்வேறு கோணத்தில் பார்த்த கோடுகளைப் பொருத்தி, தரையிலுள்ள சிலுவைகள் இருக்கும் இடத்தின் அளவைக் கொடுத்து, படத்தை அதன் இடத்தில் உட்காரவைப்பது என் வேலை.

உட்காரவைத்தபோது உங்கள் லயத்துக்கு மேலே நிலத்தில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. அதை ஆபத்தென்று சிவப்பாக்கித் தோட்டத்தின் பழைய வரைபடத்தின்மேல் வைத்தால், பதினான்கு குடும்பங்களைப் பெரகலப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். உங்களையும்தான். நான் இருப்பது லுணுகலையில், அங்கிருந்து வெகு தூரம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. தைரியம் வர இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

அதனால் உங்கள் லயத்தோரத்துச் சிலுவையின் இட அளவில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினேன். படத்தின் ஓரத்தில் இருந்தது அது மட்டும்தான். மறுத்துச் சொல்லப் பக்கத்தில் வேறு சிலுவை இல்லை. வெடிப்பு அறுபது மீட்டர் நகர்ந்து, ஓடைக்கு அப்பால் ஆளில்லாத புல்மேட்டில் விழுந்தது. கணக்கில் பிழையே காட்டவில்லை. அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

வெளியேற்ற வேண்டியவர்களின் பட்டியலில் உங்கள் லயம் இல்லை என்று சொல்ல வந்த அன்று, உங்கள் அப்பா அற்புதராஜ் தேத்தண்ணி கொடுத்தார். "ஒங்க சிலுவை எங்கள இந்த மண்ணுலயே வச்சிருச்சு தம்பி" என்று சிரித்தார். அன்றே கேட்டிருக்கலாம். உங்கள் தங்கச்சி ஜெசீகா பக்கத்தில் நின்றதால் கூச்சமாகிவிட்டது.

கார்த்திகை மழையில் மலை இறங்கியது. காலை பத்து மணி. நீங்கள் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலையில் இருந்தீர்கள். அது வெடிப்புக்கு எட்டாத தூரம் என்று எனக்குத் தெரியும், அளந்தவன் நான். உங்கள் விஷயத்தில் நான் ஒருபோதும் கவனக்குறைவாக இருந்ததில்லை. அப்பாவும் ஜெசீகாவும் வீட்டில் இருந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். எங்கே தோண்ட வேண்டும் என்று ராணுவத்துக்குக் காட்டியதும் நான்தான். சரியான அளவு என்னிடம் மட்டும்தான் இருந்தது.

இதை வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் என்னைத் தப்பாக நினைத்திருப்பீர்கள்.

பையை எடுக்காதீர்கள், ரயில் இன்னும் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் முறைப்படி அவரிடம்தான் கேட்டிருப்பேன். இப்போது உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கட்டிக்கிறீங்களா?