ஒரு சொட்டுக் கடல்

சிதம்பரத்தில் புறப்பட்ட கடலூர் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு மீனவரும் அவர் மகளும். ஹைஸ்கூல் படிப்பை நிறுத்தி, ஹாஸ்டலிலிருந்து அவளை அழைத்துப் போகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நம்ம கடல் தண்ணி ஒரு சொட்டுப்பா. மைக்ராஸ்கோப்புல பாத்தா, கண்ணாடி கணக்கா நண்டுக்குஞ்சு நீந்துது. அதோட நெஞ்சு துடிக்கிறதுகூடத் தெரியுது!"

"ஒரு சொட்டுலயா?"

"ஆமாம்ப்பா. இன்னும் என்னென்னவோ உசுரு. அதையெல்லாம் தின்னுதான் மீனு வளருதாம்."

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும், அவர் ஜன்னல் வழியே கீழே தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

"பொறந்ததுலேருந்து அந்தத் தண்ணியிலதான் கெடக்கறேன். இது தெரியாமப் போச்சே" என்றார். பிறகு மெதுவாக, "திங்கக்கெழம ஒன்னத் திரும்பக் கொண்டாந்து வுடறேன். எனக்கும் ஒருவாட்டி காட்டுவாங்களான்னு டீச்சரக் கேளு."