மடிப்போரத்துப் பென்சில் எழுத்து

பென்சில் கோட்டை அழிக்க ரொட்டியின் உட்பகுதியைப் போல வேறொன்று கிடையாது, ஐயா. ரப்பர் தாளின் மேல்தோலை உரித்துவிடும். இருபது வருடமாக நூலகத்துக்குப் புத்தகம் பைண்டு செய்து கொடுக்கிறேன். வாசகர்கள் கிறுக்கியதைப் பக்கம் பக்கமாக அழித்துவிட்டுத்தான் தைப்பேன்.

என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத பெண். என்னோடு நன்றாகத்தானே இருந்தாள். கோபம் தணியட்டும் என்று மாடியறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். அவள் கோபம் தணியவே இல்லை. இதில் யார் மேல் தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம், நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது, தெருமுனையில் அவள் தோழி பிடித்துக்கொண்டாள். போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்றேன். அந்தப் பெண் அழுத அழுகையில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது தங்கையிடமும் சொன்னேன். அவளிடம் நான் எதையும் மறைப்பதில்லை.

“அண்ணா, நான் செத்துட்டேன்னா சொன்னே?”

“வேற என்னம்மா சொல்றது? இனிமே யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அதன்பிறகு அவள் கத்தினாலும் தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செத்தவள் நடமாடுகிறாள் என்று எதிர்வீட்டு அம்மா தெருவில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். புண்ணியவதி, எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அவளுக்குப் பொழுது போகவேண்டுமே என்று தைக்காத புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பேன். போன மாதம் ஒரு பழைய பேய்க்கதை. புதிதாகக் குடிவந்தவருக்கு மேல்மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறது. அங்கே செத்துப்போன பெண் உலாவுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். ஆரம்பமே அதுதான். முதல் இரண்டு பக்கம் படித்துவிட்டு அவள் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

அந்தப் பக்கத்தின் மடிப்பு இற்றுப்போயிருந்தது. தானே ஒட்டித் தருவதாகச் சொல்லிப் பசையும் ஒரு வெள்ளைத் தாளும் கேட்டாள். அந்த வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இரண்டு விரல் அகலத்துக்குத் தாளை வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தாள். பெருமையில் அப்படியே தைத்துவிட்டேன். பசையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பாதிக்குமேல் தண்ணீர். நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்துப்போன வாத்தியாரம்மா ஒருவர் விரித்ததும் தாள் உரிந்து வந்துவிட்டது.

அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். ‘இந்தப் பெண் சாகவில்லை. செத்துவிட்டாள் என்று வீட்டுக்காரன் சொல்லியிருக்கிறான். மேலே போய்க் கதவைத் திறந்து பாருங்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருக்கிறேன்.’ கீழே எங்கள் தெரு, கதவிலக்கம்.

இதற்கு முன் எழுதவில்லையா என்கிறீர்கள். எல்லாப் புத்தகத்திலும் எழுதினாள், ஐயா. நூற்றுக்குமேல் இருக்கும். காப்பாற்றுங்கள் என்று சில, பெயர் மட்டும் சில. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் அழித்தேன். எழுதாதே என்று ஒருநாளும் திட்டியதில்லை. அவளுக்கும் மனசு ஆறவேண்டாமா.

இன்று காலை பெண் போலீசின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்ததை ஜீப்பிலிருந்து பார்த்தேன். வெயிலுக்குக் கண் கூசியது போல. எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்த அம்மா அலறிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே உன்னை ஒருத்தரும் சேர்க்கமாட்டார்கள் என்று ஆறு வருடமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அண்ணன் அவள் நல்லதுக்குத்தான் சொன்னான் என்று இப்போதாவது அவளுக்குப் புரிந்திருக்கும்.